சென்னையிலிருந்து லண்டன்: விமானத் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி

சென்னைக்கும் லண்டனுக்கும் விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 8,234 கி.மீ. என்னும், இன்னொன்று 5,116 மைல் என்னும், மூன்றாவது 4,446 என்று மட்டும் போட்டு அலகைச் சொல்லாமல் விட்டுவிடும். நேரம் இன்னும் குழப்பம். ஒன்பதேகால் மணி நேரத்தில் தொடங்கிப் பதினொன்றரை வரை பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை தப்பு இல்லை, ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது என்பதுதான் விஷயம். பூமிப்பந்தின் மேல் இரு ஊருக்கும் உள்ள மிகக் குறுகிய தூரம் ஒன்று, விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இன்னொன்று, டிக்கெட்டில் அச்சாகும் நேரம் மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகப் போடத் தெரிந்தால் எந்த இரண்டு ஊருக்கும் இதே கணக்குதான். இங்கே உதாரணம் சென்னை விமான நிலையம், லண்டன் ஹீத்ரோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பல ஆண்டுகளாக நேரடியாகப் பறந்துவரும் தடம்.

முதலில் தூரம்

பூமி உருண்டை என்பதால் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பூமியின் நடுப்புள்ளி வழியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். கணக்கிடத் தேவையானவை இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டுமே. ஊரின் மையத்தை எடுக்காதீர்கள், விமான நிலையத்தையே எடுங்கள்.

சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரி.
ஹீத்ரோ: வடக்கு 51.47 டிகிரி, மேற்கு 0.45 டிகிரி.

சைன், கோசைன் உள்ள எந்தக் கால்குலேட்டரும் போதும்.

1. இரண்டு தீர்க்கரேகைகளுக்கும் உள்ள வித்தியாசம் எடுங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 80.17 + 0.45 = 80.62.
2. இரு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.2248 × 0.7823 = 0.1759.
3. இரு அட்சரேகைகளின் கோசைனையும், முதல் படியில் வந்த வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989.
4. இரண்டையும் கூட்டுங்கள்: 0.2748.
5. இதற்குத் தலைகீழ் கோசைன் எடுங்கள்: 74.05 டிகிரி. பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரு ஊருக்கும் இடையே உள்ள கோணம் இது.
6. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. என்று பெருக்குங்கள்: சுமார் 8,234 கி.மீ.

மைலாக்க 1.609-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,116. விமானத் துறையின் கடல் மைலாக்க 1.852-ஆல் வகுத்தால் 4,446. அலகு போடாமல் கிடந்த அந்த மூன்றாவது எண் இதுதான். விமானிகளின் ஆவணங்களில் தூரம் கடல் மைலிலும் வேகம் ‘நாட்’ என்ற அலகிலும் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். பயணிகளுக்கான மைலேஜ் அட்டைகளில் வரும் மைல் பெரும்பாலும் சாதாரண மைல். இரண்டையும் கலந்தால் 15 சதவீதம் பிசகும்.

கணக்கு எங்கே தப்பும்? அடிக்கடி நடப்பது மூன்று.

கால்குலேட்டர் ரேடியன் முறையில் இருந்தால் விடை அர்த்தமில்லாமல் வரும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் கோணத்தை ரேடியனாகவே எடுத்துக்கொள்ளும். டிகிரியை முதலில் மாற்றிக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தப்பு உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு.

ஆபத்தானவை மற்ற இரண்டும். ஹீத்ரோ கிரீனிச் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் 0.45-ஐக் கழித்தால் விடை சுமார் 62 கி.மீ. குறைவாக வரும். பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதேபோல், சில வரைபடங்கள் சென்னை நிலையத்தை 12 டிகிரி 59 நிமிடம் என்று காட்டும். அதை அப்படியே 12.59 என்று அடித்தால் தப்பு. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், 59 நிமிடம் என்பது 0.98 டிகிரி. அப்படியே அடித்தால் சுமார் 35 கி.மீ. கூடிவிடும்.

பூமி முழு உருண்டையும் கிடையாது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. மேலே போட்டது சராசரி 6,371-ஐ வைத்து. அதனால்தான் நல்ல தளங்களின் விடைகூட நம்முடையதிலிருந்து சில கிலோமீட்டரோ, பத்து இருபது கிலோமீட்டரோ விலகி நிற்கும். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் பாதை எவ்வளவு நீளும் என்று சிலர் கவலைப்படுவார்கள். மொத்தத்துக்கும் சேர்த்து 14 கி.மீ.தான், ஒரு நிமிடக் கணக்கு.

கணக்கே வேண்டாம் என்றால் கூகுள் மேப்ஸில் சென்னை நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து ஹீத்ரோவைத் தொடுங்கள். பெருவட்டத் தூரத்தையே அது காட்டும். வீட்டில் பள்ளிக்கூடத்து உலக உருண்டை இருந்தால் இன்னும் நல்லது. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. என்பது 425 கி.மீ. ஒரு நூலை இரு ஊரிலும் அழுத்திப் பிடித்து இழுத்தால் 19.4 செ.மீ. வரும். நூல் இரண்டு மில்லிமீட்டர் தளர்ந்தாலே 85 கி.மீ. போய்விடும், ஆனாலும் பாதை எந்த நாடுகளின் மேல் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க மட்டும் வேண்டாம். வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர்க்கோடு போட்டால், அந்தக் கோட்டின் வழியே உண்மைத் தூரம் 8,478 கி.மீ. குறுக்குவழியைவிட 244 கி.மீ. அதிகம். திசையும் மாறிவிடுகிறது. வரைபடக் கோடு சென்னையிலிருந்து வடக்குக்கு மேற்கே 60 டிகிரி சாய்ந்து கிளம்பும், பெருவட்டமோ 40 டிகிரிதான் சாயும். அதாவது முதலில் நன்றாக வடக்கே ஏறி, போகப் போக இடப்பக்கம் திரும்பி, லண்டனை நெருங்கும்போது கிட்டத்தட்ட நேர் மேற்காகப் போகிறது. ஹீத்ரோவின் இரண்டு ஓடுதளங்களும் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கின்றன. அங்கே மேற்குக் காற்றே அதிகம் என்பதால் பெரும்பாலான நாட்களில் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்குவார்கள். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இது வசதி, ஊரைச் சுற்றிப் போய் இறங்க வேண்டியதில்லை.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

பெருவட்டக் கோட்டின் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாசிக்குக்குப் பக்கத்தில் மகாராஷ்டிரத்தைக் கடந்து, பாகிஸ்தானில் சிந்து, பலுசிஸ்தான் எல்லைப் பகுதிக்குப் போகிறது. பிறகு ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலை, கிழக்கு ஈரானின் பீர்ஜந்த் வட்டாரம். சரியான நடுப்புள்ளி காஸ்பியன் கடலில், பாகு நகரத்துக்குத் தெற்கே விழுகிறது. அப்புறம் ரஷ்யாவின் மைகோப் பக்கம், தெற்கு உக்ரைன், மால்டோவா, ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே, கடைசியில் வட கடல்.

இந்தப் பட்டியலைப் படித்தாலே இன்று யாரும் இந்தக் கோட்டில் பறக்க முடியாது என்று புரிந்துவிடும். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே மாதம் பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யாவும் கதவடைத்தது. பாகிஸ்தான் 2019-இல் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை வான்வெளியின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும் மறுபடி தடை போட்டது. ஆக, எந்த நாட்டு நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்தும் வழி மாறும். ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குப் போகும் இரண்டு விமானங்கள் வேறு வேறு தூரம் பறப்பது இதனால்தான்.

சுற்றுவழியின் தூரத்தைக் கணக்கிட, பாதையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன ஆறு படிகளைப் போட்டுக் கூட்ட வேண்டும். சென்னையிலிருந்து மஸ்கட், பாக்தாத், இஸ்தான்புல் வட்டாரங்களின் மேலாக லண்டன் என்று வைத்துக்கொள்வோம்:

சென்னை – மஸ்கட்: 2,589 கி.மீ.
மஸ்கட் – பாக்தாத்: 1,742 கி.மீ.
பாக்தாத் – இஸ்தான்புல்: 1,630 கி.மீ.
இஸ்தான்புல் – ஹீத்ரோ: 2,488 கி.மீ.

மொத்தம் 8,449. குறுக்குவழியைவிட 215 கி.மீ.தான் கூடுதல், இரண்டரை சதவீதம். இத்தனை நாடுகளைத் தவிர்த்துவிட்டுச் சுற்றியும் இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருக்கும். நீளமான ஒரு கோட்டை நடுவில் லேசாக வளைத்தால் நீளம் அதிகம் கூடாது. வளைவு ஒரு எல்லையைத் தாண்டும்போதுதான் தூரம் மளமளவென்று ஏறும். ஈராக்கும் ஈரானும் ஒரே நேரத்தில் மூடிவிட்டன, மஸ்கட்டிலிருந்து ரியாத், கெய்ரோ வழியாகப் போயாக வேண்டும் என்றால் மொத்தம் 8,917 கி.மீ. அது 683 கி.மீ. கூடுதல், முக்கால் மணி நேரத்துக்கு மேல். செய்தியில் ஒரு நாட்டின் வான்வெளி மூடப்பட்டது என்று பார்த்ததும் பதற வேண்டாம். அந்த நாட்டின் பக்கத்து நாடும் சேர்ந்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் நேரத்தைத் தின்னும்.

இதே கணக்கு இடைநிறுத்தப் பயணத்துக்கும் பொருந்தும். சென்னை–துபாய் 2,933, துபாய்–ஹீத்ரோ 5,497, மொத்தம் 8,430 கி.மீ. பெருவட்டத்தைவிட 200 கி.மீ.க்கும் குறைவான கூடுதல்தான். பிராங்க்பர்ட் வழியாக என்றால் வெறும் 14 கி.மீ. கூடுதல். அந்த ஊர் கிட்டத்தட்டக் கோட்டின் மேலேயே இருக்கிறது. கட்டணம் குறைவு என்று சிங்கப்பூர் வழியாக டிக்கெட் கிடைத்தால் அது 13,800 கி.மீ. அதை எடுக்குமுன் இரண்டு தடவை யோசிக்கலாம்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு: கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 8,715 கி.மீ. கீழே வரும் நேரக் கணக்கில் இந்த எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே.

நேரம்: வேகம், காற்று, தரை

விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு மாக் எண்ணாகச் சொல்வார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டும் மாக் 0.85-ஐ ஒட்டிப் பறக்கின்றன. 777 மாக் 0.84, ஏ330 மாக் 0.82. உள்நாட்டில் நாம் ஏறும் ஏ320, 737 வகைகள் மாக் 0.78 அளவில். 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் தரையில் இருப்பதைவிடக் குறைந்து மணிக்கு 1,062 கி.மீ.தான். அதனால் மாக் 0.85 என்பது மணிக்கு 903 கி.மீ., மாக் 0.82 என்றால் 871, மாக் 0.78 என்றால் 828. தரைமட்ட ஒலிவேகமான 1,225-ஐ வைத்துப் பெருக்கி, விமானம் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று எழுதுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. நம்பாதீர்கள்.

903 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையைப் பொறுத்த வேகம் வேறு. எதிர்க்காற்றைக் கழிக்க வேண்டும், பின்னிருந்து தள்ளும் காற்றைக் கூட்ட வேண்டும். நமக்கு முக்கியமானது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் இது வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் மையத்தில் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். கோடையில் வலுக் குறைந்து வடக்கே நகர்ந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் அடையாளம் காட்டியது, சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அதன் மையம் அமைகிறது. தென்மேற்குப் பருவகாலத்தில் லண்டன் கிளம்பும் விமானத்துக்குப் புறப்பட்ட கையோடு சின்ன உதவி கிடைக்கிறது என்றால் அது இதனால்தான்.

மேற்குக் காற்று முழுவதும் எதிர்க்காற்றாகிவிடாது. பயணத்தின் முதல் பகுதியில் விமானம் வடமேற்காகப் போவதால், 100 கி.மீ. மேற்குக் காற்றில் ஏறத்தாழ 64 கி.மீ. அளவுக்குத்தான் எதிர்த்துத் தள்ளும், மீதி பக்கவாட்டில் போகும். ஐரோப்பாவின் மேல் நேர் மேற்காகத் திரும்பிய பிறகே முழு எதிர்ப்பும். வழியெங்கும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, ஜனவரியில் 60, ஆகஸ்டில் 20 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம்.

ஜனவரி, சென்னை–லண்டன்: 8,449 ÷ (903 − 60) = 10.02. அதாவது பத்து மணி நேரம்.
ஆகஸ்ட், சென்னை–லண்டன்: 8,449 ÷ (903 − 20) = 9.57. ஒன்பது மணி 34 நிமிடம்.
ஜனவரி, லண்டன்–சென்னை: 8,449 ÷ (903 + 60) = 8.77. எட்டு மணி 46 நிமிடம்.

தசமத்தை நிமிடமாக்க 60-ஆல் பெருக்க வேண்டும். 9.57 என்பதை ஒன்பது மணி 57 நிமிடம் என்று படித்துவிடுகிறவர்கள் ஏராளம்.

இது முழு வேகத்தில் பறக்கும் கணக்கு மட்டும். விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு வாயிலில் நிற்கும்வரை உள்ள நேரமே டிக்கெட்டில் வரும். அதற்காகச் சேர்க்க வேண்டியவை: கிளம்பும் இடத்தில் தரையில் ஊர்ந்து வரிசையில் நிற்க 15 நிமிடம், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பதால் இன்னொரு 15, சேருமிடத்தில் வட்டமடித்து வாயில் சேர மேலும் 15. மொத்தம் முக்கால் மணி. ஆக ஜனவரியில் சென்னை–லண்டன் பத்தேமுக்கால் மணி நேரம். கெய்ரோ சுற்றுவழி என்றால் பதினொன்றே கால் தாண்டும். ஜனவரியில் திரும்பி வர ஒன்பதரை.

இந்த முக்கால் மணிதான் நாளுக்கு நாள் மாறும் பகுதி. சென்னையின் பிரதான ஓடுதளத்தில் கடலை நோக்கிக் கிளம்பினால், எதிர்த்திசையில் திரும்பி வடமேற்குக்கு வரவே சில நிமிடங்கள் ஆகும். ஹீத்ரோவில் கூட்டம் இருந்தால் வருகிற விமானங்களைச் சுற்றுப்புறத்தில் நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடிக்க வைப்பார்கள். போவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிகின் என்பவை அவை. கிழக்கிலிருந்து வரும் நம் விமானத்துக்கு லேம்போர்ன் அல்லது பிகின் கிடைக்கும். ஜன்னல் வழியே ஒரே ஊர் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தால் அதுதான் நடக்கிறது. இந்தத் தாமதங்களுக்கெல்லாம் இடம் விட்டே விமான நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. ஆகவே நம் கணக்கைவிட டிக்கெட் நேரம் பதினைந்து, முப்பது நிமிடம் கூடுதலாக இருந்தால் அது நிறுவனம் வைத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை. காற்று சாதகமான நாளில் விமானம் ‘சீக்கிரம்’ வந்து சேர்வதும் இதனால்தான்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: நீண்ட தூரத்துக்குப் பெருவட்டக் கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து முக்கால் மணி சேருங்கள். மேற்கே போனால் ஐந்து சதவீதம் கூட்டுங்கள், கிழக்கே வந்தால் குறையுங்கள். உள்நாட்டுத் தூரத்துக்கு 800-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் போதும். சென்னை–தில்லி 1,760 கி.மீ.க்கு இரண்டு மணி 42 நிமிடம் வருகிறது. டிக்கெட்டில் இதைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகப் பார்ப்பீர்கள்.

தூரம் கூடினால் நேரமும் கூடியே தீரும் என்பதும் கிடையாது. 2016-இல் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் அனுப்பாமல் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பியது. 15,000 கி.மீ.க்கு மேல் பறந்தும் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகம், நேரமோ குறைவு. வழி நெடுக ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம்.

டிக்கெட்டைப் படிப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். இரண்டையும் நேராகக் கழித்தால் சென்னை–லண்டன் ஐந்தரை மணி நேரப் பயணம் மாதிரித் தெரியும்.

இந்தியா உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. பிரிட்டன் குளிர்காலத்தில் பொது நேரத்தோடு ஒத்துப்போகும், கோடையில் ஒரு மணி முன்னே. மாற்றம் நடப்பது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். 2026-இல் மார்ச் 29, அக்டோபர் 25. ஆகவே நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை.

உதாரணத்துக்கு, சென்னையில் காலை 5.30-க்குக் கிளம்பி லண்டனில் காலை 11.00-க்குச் சேர்வதாக டிக்கெட் சொல்கிறது. கடிகார வித்தியாசம் ஐந்தரை மணி. ஜனவரி என்றால் அதனோடு ஐந்தரை கூட்ட, பயணம் 11 மணி நேரம். இதே எண்கள் ஜூலை டிக்கெட்டில் இருந்தால் நாலரைதான் கூட்ட வேண்டும், பயணம் 10 மணி நேரம்.

திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். லண்டனில் பகல் 12.30-க்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 4.00-க்குச் சென்னை. கடிகாரத்தில் பதினைந்தரை மணி நேரம், ஜனவரியில் ஐந்தரையைக் கழித்தால் 10 மணி. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ‘+1’ என்று இருக்கும். மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னதாகவே அழைத்துவரப் போய் நிற்பது மீனம்பாக்கத்தில் புதிதல்ல.

துபாய் வழியாகப் போனால் இன்னொரு கடிகாரம் நடுவில் வரும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னே, ஆண்டு முழுவதும் ஒரே நேரம். துபாய்க்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் நான்கு மணி, கோடையில் மூன்று. இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்க்கும்போது சேரும் நேரம், கிளம்பும் நேரம் இரண்டுமே துபாய் கடிகாரம்தான், அங்கே எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். மொத்தப் பயண நேரத்தைக் கணக்கிடும்போது துபாயை மறந்துவிட்டு முதல் புறப்பாட்டையும் கடைசி வருகையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் 200 கி.மீ.தான் கூடுகிறது என்று மேலே பார்த்தோம், ஆனால் இரண்டாவது முறை ஏறி இறங்குவதிலும் தரையில் ஊர்வதிலும் மட்டும் இன்னொரு முக்கால் மணி போகும். காத்திருக்கும் நேரம் தனி.

பயணத்துக்கு முன்னும் பயணத்திலும் சரிபார்க்க

ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது பறந்த பாதையும் எடுத்த நேரமும் கிடைக்கும். ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்து நாட்களை ஒப்பிடுங்கள். அங்கே காட்டும் பறக்கும் நேரம் பெரும்பாலும் ஓடுதளத்தை விட்டு எழுந்ததிலிருந்து இறங்கியதுவரை. டிக்கெட் நேரத்தோடு ஒப்பிட, தரையில் ஊர்வதற்கான அரை மணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதை திடீரென்று தெற்கே எகிப்துப் பக்கம் வளைந்திருந்தால் அந்த வாரம் எந்த வான்வெளியோ மூடியிருக்கிறது. லண்டனிலிருந்து மேற்கொண்டு வேறு விமானம் பிடிக்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். இரண்டு பயணமும் தனித்தனி டிக்கெட் என்றால் நாலு மணி நேர இடைவெளிக்குக் கீழே போகாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு முன்னிருக்கைத் திரையின் வரைபடத்தில் தரைவேகம், மீதித் தூரம், வெளி வெப்பநிலை, பெரும்பாலும் எதிர்க்காற்றும் வரும். மீதித் தூரத்தைத் தரைவேகத்தால் வகுத்துப் பாருங்கள். திரை காட்டும் மீதி நேரத்தைவிட உங்கள் விடை பத்துப் பதினைந்து நிமிடம் குறைவாக வரும். இறங்கும்போது வேகம் குறைவதைத் திரை ஏற்கெனவே சேர்த்துவிட்டிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், விமானம் இன்னும் தன் வேகத்துக்கு வந்திருக்காது. எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய விமானம் படிப்படியாக மேலே ஏறும், 34,000 அடியில் தொடங்கி 38,000, 40,000 என்று. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் காற்றின் வலு மாறி, மீதி நேரம் சில நிமிடம் கூடவோ குறையவோ செய்யும்.

சென்னையில் வரவேற்கப் போகிறவர்கள் தளங்களில் ‘இறங்கியது’ என்று வந்ததும் கிளம்பலாம், ‘வந்து சேர்ந்தது’ என்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலாவது சக்கரம் தரையைத் தொட்ட நேரம், இரண்டாவது வாயிலில் நின்ற நேரம். இரண்டுக்கும் பத்து நிமிடம் வித்தியாசம். குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிந்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம் என்றால், சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் நீங்கள் வண்டியில் இருந்தால் சரியாக இருக்கும்.